கதவு நன்றாகத்தான் இருக்கிறது... நிலைதான் விலகிவிட்டது!

"எக்கோ எடுத்துப் பார்த்தோமுங்க டாக்டர். வால்வு லீக்காகுதுன்னு எழுதியிருக்காங்க. வால்வையே மாத்தணுமா? இல்ல, கஷாயத்துல சரியாயிருமா?"

பிளாஸ்டிக் கவரில் ரிப்போர்ட்டோடு வந்து, நாற்காலியில் உட்காருவதற்குள் இப்படிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். நான் பழனி வட்டாரத்தில் வைத்தியம் பார்க்கும் சித்த மருத்துவன். கல்லூரியில் உடற்கூறும் படித்துவிட்டுத்தான் மூலிகைக்கு வந்தோம். அதனால் முதலில் நான் திருப்பிக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "லீக் ஆவது வால்வு கெட்டதாலா, இதயம் உருமாறியதாலா?"

இதைக் கேட்டதும் பலர் விழிப்பார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்கிறார்கள். இல்லை. வைத்தியம், உணவு, உழைப்பு, ஏன்... பழனி படி ஏறலாமா, கொடைக்கானல் டூர் போகலாமா என்பதுவரை எல்லாமே இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

வீட்டுக் கதவும் இதயக் கதவும்

மழைக்காலத்தில் வீட்டுக் கதவு சரியாகச் சாத்தாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆசாரியைக் கூப்பிட்டால் அவர் கதவை மட்டும் பார்ப்பதில்லை. நிலையைத் தட்டிப் பார்ப்பார், சுவர் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். "கதவு நல்லாத்தான் இருக்கு. நிலை விலகிருச்சு" என்பார். இதயத்திலும் இதேதான்.

நுரையீரலில் சுத்தமான ரத்தம் முதலில் இதயத்தின் இடது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து இடது கீழறைக்கு இறங்குகிறது. கீழறை சுருங்கி அதை மகாதமனி வழியாக உடம்பெல்லாம் அனுப்புகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் இரட்டைக் கதவுதான் மைட்ரல் வால்வு. கீழறை சுருங்கும்போது இது சாத்திக்கொள்ள வேண்டும். சாத்தாவிட்டால் ரத்தத்தில் ஒரு பங்கு வந்த வழியே மேலறைக்குத் திரும்பும். ரிப்போர்ட்டில் 'எம்.ஆர்.' என்று போடுவது இதைத்தான்.

இந்தக் கதவுக்குக் கீல் மட்டும் போதாது. கீழறையின் உட்சுவரிலிருந்து விரல் போல இரண்டு தசைத் தூண்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தூண்களிலிருந்து மெல்லிய நரம்புக் கயிறுகள் கிளம்பிக் கதவு இதழ்களின் ஓரத்தைப் பிடித்திருக்கின்றன. பட்டத்துக்குச் சூத்திரக் கயிறு கட்டுவதைப் போல! கீழறை சுருங்கும்போது ரத்தத்தின் அழுத்தம் இதழ்களை மேலே தள்ளிச் சாத்துகிறது. அவை மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் கயிறுகள் இழுத்துப் பிடிக்கின்றன. தள்ளும் விசை ஒன்று, இழுக்கும் விசை ஒன்று. இரண்டும் சமமாக இருக்கும்வரை கதவு கச்சிதமாகச் சாத்தும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை இது நடக்கிறது.

வாழைப்பூ பந்தாக மாறினால்...

நல்ல இதயத்தின் இடது கீழறை எந்த வடிவம் தெரியுமா? ஒரு வாழைப்பூவைக் கையில் தலைகீழாகத் தொங்கும்படி பிடித்துப் பாருங்கள். மேலே அகலம், கீழே கூர். கிட்டத்தட்ட அந்த வடிவம்தான். இந்த வடிவத்தில்தான் தூண்கள் இரண்டும் கதவுக்கு நேர் கீழே நிற்கின்றன.

இதயத் தசை பலவீனமானால் சுவர் விரிகிறது. வாழைப்பூ மெள்ள மெள்ளப் பந்தாகிறது. சுவர் வெளியே நகர்ந்தால் அதில் முளைத்திருக்கும் தூணும் கூடவே நகரும். கயிறு ரப்பர் அல்ல, நீளாது. என்ன ஆகும்? தூண் கயிற்றை இழுக்கும், கயிறு இதழை இழுக்கும். இரண்டு இதழ்களும் கூடாரம் போலக் கீழ்நோக்கித் தொங்கி நின்றுவிடும். நடுவில் இடைவெளி விழும்.

கூடவே இன்னும் இரண்டு கோளாறு. ஒன்று, கதவின் நிலை. மைட்ரல் வால்வின் வளையம் தட்டையானது அல்ல, குதிரைச் சேணம் போல வளைந்தது. அறை விரியும்போது அந்த வளைவு தட்டையாகி, வாயும் அகலமாகிவிடுகிறது. இரண்டு, தசை பலவீனமாக இருப்பதால் கதவைத் தள்ளிச் சாத்தும் அழுத்தமும் குறைந்துவிடுகிறது. ஆக, இழுப்பது கூடிவிட்டது, தள்ளுவது குறைந்துவிட்டது, நிலையும் அகன்றுவிட்டது. இத்தனைக்கும் இதழில் கீறலோ தடிப்போ பெரிதாக எதுவும் இருக்காது!

இதில் ஒரு விஷச்சக்கரமும் உண்டு. திரும்பிய ரத்தம் அடுத்த துடிப்பில் மறுபடி கீழறைக்கே வருகிறது. அறைக்குச் சுமை கூடி இன்னும் விரிகிறது. விரிந்ததால் லீக் கூடுகிறது. லீக் கூடியதால் இன்னும் விரிகிறது. இந்தச் சக்கரத்தை எங்காவது ஒரு இடத்தில் நிறுத்தியாக வேண்டும். வைத்தியம் என்பது அதுதான்.

எதனால் உருமாறுகிறது?

மாரடைப்பு முதல் காரணம். இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். இதயத்தின் முன்சுவரில் வரும் பெரிய மாரடைப்பைவிட, அடிச்சுவரில் வரும் சிறிய மாரடைப்பில்தான் இந்த லீக் அதிகம் பேருக்கு வருகிறது. காரணம், இரண்டு தூண்களில் பின்பக்கத் தூணுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ரத்தக் குழாய்தான் ரத்தம் கொடுக்கிறது. அது அடைபட்டால் மாற்று வழி இல்லை. எவ்வளவு தசை போயிற்று என்பதைவிட எந்த இடத்தில் போயிற்று என்பது முக்கியமாகிவிடுகிறது.

வருஷக்கணக்கில் கட்டுப்படாத ரத்த அழுத்தம், அளவுக்கு மீறிய குடி, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் தசைநோய் ஆகியவையும் காரணங்கள். சிலருக்கு இதயத்தின் இடதுபக்க மின்பாதையில் தடை இருக்கும். இரண்டு தூண்களும் ஒரே நேரத்தில் இழுக்காமல் முன்னும் பின்னுமாக இழுப்பதால் லீக் வரும். வயதானவர்களில் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நீடித்தால், கீழறை நன்றாக இருந்தும் மேலறை விரிந்து நிலையை அகட்டிவிடும்.

இதற்கு நேர்மாறானது ருமாட்டிக் காய்ச்சல். சின்ன வயதில் வரும் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்து, வால்வு இதழையே தடிக்க வைத்துச் சுருக்கிவிடும். அது உண்மையிலேயே கதவு கெட்ட நோய். அங்கே கதவைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் நிரந்தர வழி. பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் அலென் கார்ப்பென்டியே 1983-ல் வால்வு லீக்கை மூன்று வகையாகப் பிரித்தார்: இதழின் அசைவு சரியாக இருந்தும் லீக் ஆவது, இதழ் அளவுக்கு மீறி அசைவது, இதழ் அசைய முடியாமல் கட்டுப்பட்டிருப்பது. இன்றுவரை டாக்டர்கள் அதே வழியில்தான் யோசிக்கிறார்கள்.

ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் 'ட்ரிவியல் எம்.ஆர்.' என்று இருந்தால் பதற வேண்டாம். ஆரோக்கியமான பலருக்கும் அப்படி ஒரு துளி கசிவு உண்டு. 'மாடரேட்', 'சிவியர்' என்று இருந்தால்தான் கவனம் தேவை.

படுத்திருக்கும்போது ஒன்று, படி ஏறும்போது வேறொன்று

மலைப்பக்கம் இருப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உருமாற்றத்தால் வரும் லீக் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. உழைக்கும்போது சிலருக்கு அது சட்டென்று கூடும். எக்கோ எடுப்பதோ படுக்கையில், ஏ.சி. அறையில்! 'மைல்ட்' என்று வந்ததை நம்பி 693 படி ஏறினால் உள்ளே நடப்பது வேறாக இருக்கலாம்.

பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்து டாக்டர்கள் 2004-ல் இதை நிரூபித்தார்கள். இடது கீழறை பலவீனமான நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்க வைத்து, மிதிக்கும்போதே எக்கோ எடுத்தார்கள். முன்பு நுரையீரலில் நீர் கோத்து அவதிப்பட்டவர்களுக்கு, மிதிக்கும்போது லீக் மற்றவர்களைவிட அதிகமாக எகிறியது. திடீர் மூச்சுத்திணறலுக்கு ஒரு காரணம் பிடிபட்டது.

ஏன் எகிறுகிறது? கீழறைக்கு இரண்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்வாசல் மகாதமனி. பின்வாசல் இந்த ஒருக்களித்த கதவு. உழைப்பில் ரத்த அழுத்தம் ஏறினால் முன்வாசல் தள்ளுவதற்குக் கடினமாகும். ரத்தம் சுலபமான பின்வாசல் பக்கம் போகும்.

கொடைக்கானலில் இதோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொள்கின்றன. ஊர் சுமார் 2,100 மீட்டர், அதாவது 7,000 அடி உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், சமவெளியில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம்தான். நல்ல இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்துச் சமாளித்துக்கொள்ளும். உருமாறிய இதயத்துக்கு அது கூடுதல் வேலை. அடுத்தது குளிர். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும், முன்வாசல் இறுகும்.

விரதமும் பஸ் பயணமும்

தைப்பூசம், பங்குனி உத்திரம் முடிந்த வாரங்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு காட்சி உண்டு. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கிய முகத்தோடு வருவார்கள். விசாரித்தால், "மாலை போட்டிருந்தேனுங்க. விரதத்துல மாத்திரை வேண்டாம்னு நிறுத்திட்டேன்" என்பார்கள்.

இன்னொரு வகை, பஸ்ஸில் வருபவர்கள். நீர் பிரியும் மாத்திரை போட்டால் வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும் வழியில் ஒண்ணுக்கு எங்கே இறங்குவது என்ற சங்கடம். பெண்கள் வெளியே சொல்லவும் மாட்டார்கள். "ஒரு நாள்தானே" என்று விட்டுவிடுவார்கள். அன்று மதியம் ஹோட்டலில் ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பாடு. ராத்திரி குளிர். விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சுத் திணறல்.

என்ன நடந்தது? அந்த மாத்திரைகள் இதயத்தின் சுமையைக் குறைத்து, அறை விரியாமல் பிடித்து வைத்திருந்தன. அதாவது சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்தன. முட்டை உருவினால் சுவர் விலகத்தானே செய்யும்? முருகன் மாத்திரையை விடச் சொல்லவில்லை. தண்ணீரில் ஒரு மாத்திரையை விழுங்குவதால் எந்த விரதமும் கெடாது.

பயண நாளில் நீர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, மாலை நான்கு மணிக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியம்: முதலில் சுவர், பிறகு கதவு

லீக் உருமாற்றத்தால் வந்தது என்றால், முதல் வேலை உருவத்தை மீட்பதுதான். இதற்கு மாத்திரைகளுக்கே நல்ல பலம் உண்டு. தென்கொரியாவில் 118 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஒரு ஆய்வில், ஒரு பிரிவுக்கு சகுபிட்ரில்-வால்சார்ட்டன் கூட்டு மருந்தும் மறு பிரிவுக்கு வால்சார்ட்டன் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் கூட்டு மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கசியும் வாய் மற்றவர்களைவிட அதிகம் சுருங்கியது. கதவை யாரும் தொடவே இல்லை! மின்பாதைத் தடை உள்ள சிலருக்குத் தூண்களை ஒரே நேரத்தில் இழுக்க வைக்கும் விசேஷ பேஸ்மேக்கர் பலன் தரும்.

இவ்வளவுக்குப் பிறகும் லீக் கடுமையாக இருந்தால் கிளிப் சிகிச்சை. 1991-ல் இத்தாலியின் ஒட்டாவியோ ஆல்ஃபியேரி, இரண்டு இதழ்களின் நடுவில் ஒரு தையல் போட்டு லீக்கைக் குறைக்கும் அறுவையைத் தொடங்கி வைத்தார். அதையே நெஞ்சைத் திறக்காமல், தொடைச் சிரை வழியாகக் கிளிப் கொண்டுபோய்ச் செய்கிறார்கள். நம் நாட்டிலும் பெரிய மருத்துவமனைகளில் நடக்கிறது. செலவு பல லட்சம்.

2018-ல் இதைப் பற்றி இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்கா, கனடாவில் 614 பேரிடம் நடந்ததில், இரண்டு வருஷத்தில் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 46 பேர் இறந்தார்கள். கிளிப்பும் சேர்ந்தவர்களில் 29 பேர். பிரான்சில் 304 பேரிடம் நடந்ததிலோ கிளிப்பால் லாபமே இல்லை! ஏன் இப்படி?

பிரான்சு நோயாளிகளுக்கு அறை அதிகம் விரிந்திருந்தது, லீக் அந்த அளவுக்கு இல்லை. அமெரிக்க ஆய்வில் அறையின் விரிவை மீறிய லீக், அதுவும் மாத்திரைகளை உரிய அளவில் கொடுத்தும் மிஞ்சிய லீக் உள்ளவர்களாகப் பார்த்துச் சேர்த்திருந்தார்கள். வித்தியாசத்துக்கு இதுவே முக்கிய காரணம் என்று பல நிபுணர்கள் கருதுகிறார்கள். சுவரே முழுசாகச் சரிந்த வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுப் பயன் குறைவு. அதனால்தான், "கிளிப் போடலாமா?" என்ற கேள்விக்கு முன் "மாத்திரை அளவு சரியாக இருக்கிறதா? அறை எவ்வளவு விரிந்திருக்கிறது?" என்று கேளுங்கள் என்கிறேன்.

மருதம்பட்டை என்ன செய்யும்?

என்னைத் தேடி வருபவர்கள் கடைசியில் இங்கேதான் வருவார்கள். இதயத்தைச் சித்த மருத்துவம் தமரகம் என்று சொல்லும். அதற்கு மருதம்பட்டை நம் மரபில் பேர் பெற்ற மருந்து. பக்கம் சாயாமல் நடப்பைச் சொல்கிறேன்.

டெல்லியில் மாரடைப்பு வந்து லீக் ஏற்பட்ட 40 பேரிடம் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு மருதம்பட்டையும் சேர்த்துக் கொடுத்தபோது மூன்று மாதத்தில் லீக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் 40 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இதயம் பலவீனமான 100 பேருக்கு 12 வாரம் கொடுத்தும் இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் கூடவில்லை.

ஆகவே என் முடிவு: மருதம்பட்டை துணைக்கு நிற்கலாம், தூணாக நிற்காது. அதற்காக ஆங்கில மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு டாக்டர்களுக்கும் தெரிந்து சாப்பிடுங்கள். பெயர் சொல்லாத பொடிகளைத் தொடவே தொடாதீர்கள். அரளியில் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே வாங்கும் நஞ்சு இருக்கிறது. டிகாக்சின் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆபத்து இரட்டிப்பு.

மலைக்குப் போகுமுன்...

* லீக் 'மாடரேட்' அல்லது அதற்கு மேல் என்றால் இதய டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள். சமீபத்தில் மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ இருந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

* பழனியில் விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. அவற்றில் ஏறுவதால் பக்தி குறைந்துவிடாது.

* கொடைக்கானலில் முதல் நாள் ஓய்வு. ஏரியைச் சுற்றி மெதுவாக நடக்கலாம், ஐந்து கிலோமீட்டரையும் முடிக்க வேண்டும் என்பதில்லை. வட்டக்கானலில் டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்குவது வேண்டாம். போகும்போது இறக்கம், கஷ்டம் தெரியாது. திரும்புவதெல்லாம் ஏற்றம்!

* காது, தலை, கால் மூடிக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குளிரில் நடக்க வேண்டாம்.

* உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் வேண்டாம்.

* பஞ்சாமிர்தம் பிரசாதமாக ஒரு ஸ்பூன். வாழைப்பழமும் வெல்லமும் கலந்தது அது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அளவு தேவை. வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம். அந்த மாத்திரைகளும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். மலைவாழைப்பழத்துக்கும் இதே கணக்கு.

* படுத்ததும் மூச்சு முட்டினால், நுரையாகச் சளி வந்தால், காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன், எடை பார்த்துக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையல்ல, நீர். டாக்டரைப் பாருங்கள். அம்மாவோ அப்பாவோ ஒரு தலையணை வைத்தவர் இரண்டு கேட்டால், "வயசாச்சு" என்று விடாதீர்கள். இதயம் கேட்கும் தலையணை அது!

எக்கோ ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் சேர்த்து வையுங்கள். லீக் எவ்வளவு என்ற வரியோடு, கீழறை விரிந்த நிலையில் எத்தனை மில்லிமீட்டர் என்ற வரியையும் பாருங்கள். பொதுவாக ஆண்களுக்கு 58, பெண்களுக்கு 52 வரை இயல்பு. சென்ற முறை 64, இந்த முறை 60 என்றால் அறை சுருங்குகிறது, மாத்திரை வேலை செய்கிறது என்று தெம்பாக இருக்கலாம். ஏறிக்கொண்டே போனால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம். ஃபைலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிளம்புங்கள்.